இவானின் உறை

ஜெனீவா ஆய்வகத்தில், விண்ணில் நிகழும் ஒவ்வொரு காமாக்கதிர் வெடிப்பைப் பற்றியும் விண்கலம் அனுப்பும் தரவில் இவான் ஒரு ரகசியக் கோணத்தைக் கூட்டிவிடுவார். கணக்குப் போடுபவர் ஆசைப்பட்ட பக்கம் விடையை வளைத்துவிடக் கூடாதே. கூட்டியதை எழுதி, தேதியிட்ட உறையில் இட்டு ஒட்டிவைப்பார். ஒளி அதிரும் திசையைக் கணக்கிட்டு முடித்த பிறகே, உடன் பணிபுரியும் சோலாஞ்ஜ் உறையைப் பிரித்து அந்தக் கோணத்தைக் கழிப்பாள்.

மார்ச்சில் இவான் இறந்தார். அதன்பின் யாரும் எதையும் கூட்டவில்லை.

மே மாத வெடிப்புக்கு அவள் கண்ட விடை, அதே வெடிப்புக்கு வேறொரு விண்கலம் தந்த விடையிலிருந்து பதினேழு பாகை விலகியிருந்தது.

"மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன்."

"அப்ப இவான் உறையத்தான் பிரிக்கணும்," என்று சிரித்தான் பக்கத்து மேசை லுடோவிக்.

அவளும் சிரித்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்தாள். இவான் கையெழுத்தில் மே மாதத் தேதியிட்ட உறை ஒன்று இருந்தது. உள்ளே, பதினேழு.

சோலாஞ்ஜ் பதினேழைக் கழித்தாள். பிறகு, ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் இவான் பெயருக்கு முன்னிருந்த ‘மறைந்த’ என்ற சொல்லையும் எடுத்தாள்.