லிட்டருக்கு இருபத்திரண்டு

ஸ்கூட்டரின் ஸ்பார்க் பிளக்கைத் தொட்டதும் ஸ்ரீரங்கனின் இரண்டு விரல்கள் பொசுங்கின. உதறிய வேகத்தில் ஸ்பானர் நழுவி, சொல்லிவைத்தாற்போல் கால் கட்டைவிரலில் விழுந்தது.

"ஏன்னா, வாக்கிங் போயிட்டு வந்ததும் வராததுமா வண்டியோட எதுக்கு மல்லுக்கு நிக்கறேள்?" என்று ஹம்சா தயிர்க் கிண்ணத்தோடு ஓடிவந்தாள்.

"பிளக்கா போட்டிருக்கான் அந்த மெக்கானிக் வலியுல்லா? நெருப்புத் துண்டு! நாப்பது குடுத்துண்டிருந்த வண்டி, ஒரு மாசமா லிட்டருக்கு இருபத்திரண்டு குடுக்கறது. இன்னியோட அவன் ஷெட்டுக்கு மூடுவிழா."

ஹம்சா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் நொண்டிக்கொண்டே போய் ஸ்கூட்டரை உதைத்தார். ஒரே உதையில் கிளம்பியது. அது வேறு எரிச்சல்.

பழைய பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜப்பான் பிளக் போட்டால் வேகமும் கூடும், நாற்பத்தைந்தும் கொடுக்கும் என்றவன் வலியுல்லா. அதை தி.நகர் ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தவர் ஸ்ரீரங்கன். இப்போது ஆபீஸில் அவர் பெயரே 'இருபத்திரண்டு'. நேற்று பியூன்கூட அப்படித்தான் கூப்பிட்டான்.

அவர் சொல்லித்தான் ஆபீஸின் இருபது ஸ்கூட்டர்களும் வலியுல்லாவிடம் போய்க்கொண்டிருந்தன. 'இனி யாரும் இவனிடம் வண்டி விடக் கூடாது' என்ற சுற்றறிக்கை அவர் சட்டைப் பையில் தயாராக இருந்தது. மூன்று தடவை டைப் அடித்ததில், மூன்றாவதில்தான் வன்மம் பதமாக வந்திருந்தது.

மந்தைவெளி ஷெட்டில், சாட்சிக்கு வரச் சொல்லியிருந்த சண்முகசுந்தரம் தன் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். ஆபீஸில் 'இருபத்திரண்டு' என்று முதலில் கூப்பிட்டவர் அவர்தான்.

"இன்னா சார், காலு நொண்டுது?" என்றான் வலியுல்லா.

"என் காலை விடு. வண்டி ஏன்யா இப்படிக் குடிக்கறது?"

"எவ்ளோ ஓடுச்சோ அவ்ளோ குடிச்சிக்கீது சார். மீட்டர் கேபிள் அந்துபோயி ரெண்டு வருசம் ஆவுது. மாத்திக்கோ சார்னா கேக்க மாட்டேன்றீங்கோ."

"கேபிள் எதுக்கு? வீடு விட்டா ஆபீஸ், ஆபீஸ் விட்டா வீடு. தெனம் பதினோரு கிலோமீட்டர். மச்சினனுக்குக்கூட நான் சாவி குடுத்ததில்ல, தெரியுமோ?"

வலியுல்லா ஒரு பாட்டிலில் நூறு மில்லி பெட்ரோலை அளந்து ஊற்றி, முன்பக்கக் கொக்கியில் தொங்கவிட்டான். டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு பாட்டிலின் ட்யூபை மாட்டினான்.

"நீங்களே ஓட்டுங்கோ. இந்த சார் பக்கத்துலயே வரட்டும். அவரு மீட்டரு பொய் சொல்லாது."

பாட்டில் காலியாகி வண்டி நின்றபோது இருவரும் ஆழ்வார்பேட்டை வரை போய்த் திரும்பி, ஷெட்டுக்கு எதிரிலேயே வந்துவிட்டிருந்தார்கள்.

"நாலு புள்ளி ஆறு. லிட்டருக்கு நாப்பத்தாறு!" என்றார் சண்முகசுந்தரம். அந்தக் குரலில் தேவைக்கு மேலேயே சந்தோஷம் இருந்தது. "பிளக்கு தங்கம், சார். எனக்கும் ஒண்ணு போட்டுடுப்பா."

வேறு மனிதராயிருந்தால் அங்கேயே மன்னிப்புக் கேட்டிருப்பார். ஸ்ரீரங்கனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"அப்போ என் பெட்ரோல் எங்கய்யா போறது? நீ கை வெச்ச நாள்லேருந்துதான் குறையறது. கள்ளச்சாவி போட்டு வெச்சிண்டிருக்கே நீ. திருடன்!"

வலியுல்லாவின் கை, துடைத்துக்கொண்டிருந்த துணியோடு நின்றது.

"இருவது வருசமா இந்த மூலைல கீறேன் சார். ஒருத்தர் இந்த வார்த்தைய சொன்னதில்ல."

"அப்போ எங்க போறதுன்னு சொல்லு!"

"தெரியும் சார். சொல்ல மாட்டேன். வாக்கு குட்த்துட்டேன்."

அது போதுமே ஸ்ரீரங்கனுக்கு! சுற்றறிக்கையைப் பிரித்து, மெக்கானிக் என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே 'திருடன்' என்று எழுதினார். பொசுங்கிய விரல் எரிந்தது. ஆனாலும் எழுத்து அழகாகவே வந்தது. "சாட்சிக் கையெழுத்து போடுங்கோ, சார்" என்று சண்முகசுந்தரத்திடம் நீட்டினார். சண்முகசுந்தரம் பேனாவை வாங்கிக்கொண்டு, வலியுல்லாவின் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஹம்சா இறங்கினாள்.

"கையெழுத்து போடாதீங்கோ, சார்" என்று நேரே வந்து பேனாவைப் பிடுங்கினாள். "இவர் மேல ஒரு தப்பும் இல்ல."

"ஹம்சா, நீ பேசாம ஆத்துக்குப் போ. என் பெட்ரோல் எங்க போறதுன்னு தெரியாம நான் இங்கேருந்து நகரப் போறதில்ல."

"பெசன்ட் நகர் பீச்சுக்கு. நீங்க வாக்கிங் கிளம்பினதும் தெனம் நான்தான் ஓட்டிண்டு போறேன்."