டவல் ராடுக்குப் பின்னால்

"உடனே வாங்க. நீங்க போட்ட சுவரை வெட்டி வெச்சிருக்கேன்!" என்று வீட்டுக்காரர் போனில் சொன்னதும் தடுப்புச் சுவர் போடும் பார்ட்டிஷன் மேஸ்திரி பைக்கை எடுத்துக்கொண்டு விரைந்தார்.

குளியலறையில் டவல் ராடுக்குப் பக்கத்தில், ஜிப்சம் போர்டில் சதுரமாக ஓர் ஓட்டை. உள்ளே இரட்டைத் தகரச் சட்டம், நடுவே தடிமனான பிளைவுட்.

"இது என்னங்க?" என்றார் வீட்டுக்காரர், கறாராக.

மேஸ்திரி குனிந்து உள்ளே பார்த்தார். அது சமையலறைச் சுவருக்குள் இருக்க வேண்டியது! வாயை மூடிக்கொண்டு போய்விடலாம். ஆனால் நாளைக்கு அங்கே அலமாரி மாட்டப் போகிறார்கள்.

"தப்பு என்னோடதுதான் சார். பிளானைத் திருப்பிப் பிடிச்சுட்டேன். சமையலறைக்குக் குடுக்க வேண்டிய பலத்தை இங்கே குடுத்துட்டேன். அங்கே எதையும் மாட்டிடாதீங்க, தலையில விழும். நானே பிரிச்சு சரி பண்ணித் தர்றேன்."

"அப்போ இங்கே என்ன இருந்திருக்கணும்?"

"ஒத்தைத் தகரச் சட்டம்தான் சார். ஈரத் துண்டைத் தாங்கும். ஆள் தொங்கினா ராடு கையோட வந்துடும்."

வீட்டுக்காரர் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இங்கே வாம்மா!"

நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி அவர் மனைவி வந்து நின்றாள்.

"காலையில இங்கேதாண்ணே வழுக்கிட்டேன். மொத்த பாரத்தையும் அந்த ராடுலதான் போட்டுத் தொங்கினேன். அசையவே இல்லை. எப்படித் தாங்குச்சுன்னு பாக்கத்தான் இவர் சுவரை வெட்டினாரு."

மேஸ்திரி அந்த ராடைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சமையலறையைச் சரி பண்ணிடுங்க. அப்படியே இந்தத் தப்பை மத்த சுவர்லயும் பண்ணிடுங்க. பிடிச்சுத் தொங்குறதுக்கு வீட்டுக்கு ஒரு ஆள் வரப் போகுது!"