வில்லி காத்திருக்கிறாள்

அசீனா செருப்புக் கடைக்குள் நுழைந்தபோது அவள் கணவர் ஹபீப் ரகுமான் வாளுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார்.

வாள் போனில் இருந்தது.

ராஜபாளையத்தில் நாலு பேர் சலாம் சொல்லுகிற மனிதர், பள்ளிவாசல் கமிட்டியில் பேர் உள்ளவர். சாயங்காலம் ஆனால் கல்லாவில் உட்கார்ந்துகொண்டே பூதத்தை வெட்டப் போய்விடுவார். வார் அறுந்த செருப்போடு வந்தவர்கள் பூதம் சாகும்வரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டியதுதான். தெருவும் ஆரம்பத்தில் சிரித்தது, பிறகு விட்டுவிட்டது. சீட்டு இல்லை, சிகரெட் இல்லை, பூதத்தைத்தானே வெட்டுகிறார்.

எதிர்வீட்டுப் பரிபூரணம் விடவில்லை.

ஹவாய் செருப்பு வாங்கப் போனவள், செருப்பைப் பார்த்த நேரத்தைவிட போனைப் பார்த்த நேரம் அதிகம். பார்த்ததைப் பார்த்ததோடு வைத்துக்கொள்கிற உடம்பும் இல்லை அவளுக்கு. நேரே அசீனாவின் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"ஏட்டி அசீனா, ஒங்க அவியளுக்கு வில்லின்னு ஒருத்தி காத்துக் கெடக்காளாம்டி. போன்லயே எழுதிக் காட்டுது."

சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு கிண்ணம் சீனியும் வாங்கிக்கொண்டு போனாள்.

அசீனா அடுப்பை அணைத்தாள். பர்தாவை மாட்டினாள். வழியெல்லாம் ஒரே கேள்விதான்: யார் அந்தப் பொம்பளை? பேரைப் பாரு, வில்லியாம். குடியைக் கெடுக்க வருகிறவள் பேரையாவது மாற்றி வைத்துக்கொள்ள மாட்டாளா.

அவளைக் கண்டதும் ஹபீப் போனைக் கவிழ்த்து வைக்கப் போனார். அசீனாவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"கவுக்காதிய. வெளையாடுங்க. நானும் அவளைப் பாக்கணும்."

செருப்பு போட்டுப் பார்க்கிறவர்களுக்கான ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரையில் ஓர் ஆயுதக் கிடங்கு. இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஹபீப், அங்கேயும் தாடி வைத்திருந்தார். இன்னொருத்தி ஒல்லி. நாடிவரை மூடிய தலைக்கவசம். தலைக்கு மேலே அந்தப் பேர்: வில்லி.

கோட்டைக்குள் போகுமுன் ஆளுக்கு ஓர் ஆயுதம் எடுக்க வேண்டும் என்பது அசீனாவுக்கே புரிந்தது.

வில்லி சுவரில் மாட்டியிருந்த ஒரு வில்லைத் தொட்டுப் பார்த்தாள். வேண்டாம் என்று நகர்ந்தாள். ஈட்டியை எடுத்துச் சுழற்றினாள், வைத்தாள். கோடரியை எடுத்தாள், வைத்தாள். தங்கப் பிடி போட்ட வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதையும் வைத்தாள்.

ஹபீப் அவசரப்படுத்தவில்லை. கடைக்கு வருகிற எந்த வாடிக்கைக்காரரிடமும் அவர் இம்புட்டுப் பொறுமை காட்டியதில்லை.

கிடங்கையே புரட்டிப் போட்டுவிட்டு வில்லி திரும்பி நடந்தாள். முதலில் தொட்ட அந்த வில்லையே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அசீனாவின் கை ஸ்டூலின் விளிம்பைப் பற்றியது.

இதே கடையில், பெருநாளுக்குப் பெருநாள், தட்டில் இருக்கிற பெட்டி அத்தனையையும் இறக்க வைத்துவிட்டு, முதலில் காட்டிய ஜோடியையே காலில் போட்டுக்கொண்டு போகிற ஒருத்தி இருந்தாள். ஆலியா. இவர்களுடைய ஒரே மகள். பத்ரிநாத்தைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனவள்.

வில்லி, பொம்பளை பேர் இல்லை. ஊர்ப் பேரில் பாதி.

மகள் போன அன்றைக்கு ஹபீப் அல்லா மேல் ஆணையிட்டார். அவள் முகத்தில் முழிக்க மாட்டேன், அவளோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன். தான் சொன்னதோடு நிற்கவில்லை. அசீனாவையும் சொல்ல வைத்தார்.

சொன்னவள் காப்பாற்றினாள். மகள் போன் அடித்தால் எடுக்க மாட்டாள், வெட்டவும் மாட்டாள். அடித்து ஓயும்வரை கையில் பிடித்துக்கொண்டிருப்பாள். மதுரை பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போது, தப்பித் தவறிக்கூட அந்த முகம் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று கண்ணை இறுக மூடிக்கொள்வாள். ஊர் தாண்டிவிட்டதா என்று பக்கத்து சீட்டில் கேட்டுக்கொண்டுதான் திறப்பாள்.

ஹபீப் நிமிரவில்லை. சேர்த்து வைத்திருந்த சாணைக்கற்கள் அத்தனையையும் வில்லிக்கு அனுப்பினார். தன் வாளுக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. திரையில் அவளுடைய வில் நீலமாக ஒளிர்ந்தது.

"ஒரு வார்த்தை பேசலட்டி," என்றார். "மொகத்தையும் பாக்கல. தலையில மாட்டுனத அவ கழட்டுறதே இல்ல."

ஆணையில் ஒரு கீறல் இல்லை. பெல்ட்டுக்கு வேண்டிய இடத்தில் ஓட்டை போட்டுக் கொடுக்கிற மனிதருக்கு ஆணையில் ஓர் ஓட்டை போடுவதா பெரிது. ஓர் ஆள் மட்டும் நுழைகிற அளவுக்குப் போட்டிருந்தார்.

 வில்லி வேறு எவளாவதாக இருந்திருந்தால் அசீனா அழுதிருப்பாள், தெருவைக் கூட்டியிருப்பாள், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கடைசியில் மன்னித்தும் இருப்பாள்.

கோட்டை வாசலில் வில்லி திரும்பிப் பார்த்தபடி நின்றாள். அவளுக்கும் ஹபீபுக்கும் நடுவில் ஒரு காலிக் கட்டம் மின்னியது: இன்னொருவர் சேரலாம்.

அசீனா பையிலிருந்து தன் போனை எடுத்து, கல்லா மேல், அவர் கைக்கு முன்னால் வைத்தாள்.

"எனக்கும் ஒரு ஆயுதம் எடுத்துக் குடுங்க," என்றாள். "நல்லாக் கனமானதா."