உடைவதற்கு முந்தைய கட்டம்

சிறுவயது முதல் மின்பருந்து என்னும் பறக்கும் வீரனின் சாகசங்களை ஒன்றுவிடாமல் வாசித்துவரும் ஞானதுரை, அண்மையில் வெளிவந்த காமிக்ஸ் இதழைத் தங்கை எஸ்தரிடம் காட்டியிருக்கக் கூடாது. அவன் வசனங்களை வாசிப்பவன். அவளோ படங்களை மட்டுமே பார்ப்பவள். “அண்ணே, பாலம் அடுத்த கட்டத்துலதான் உடையுது. உங்க ஆளு இந்தக் கட்டத்துலயே வானத்துல நிக்காரே,” என்றாள். “அவருக்கு முன்னாலயே தெரிஞ்சிரும் எஸ்தர். அதுதான் அவரோட சக்தி.” “தெரிஞ்சவரு பாலத்துல வார பஸ்ஸ நிறுத்தச் சொல்லலாம்லா? உடையட்டும்னுல்லா காத்துக் கெடக்காரு.” முந்தைய இதழ்களை எடுத்துப் பரப்பினான். பழையவற்றில் முதலில் அலறல் எழும். பிறகே மின்பருந்தின் சிவப்பு மேலங்கி பறந்து வரும். அண்மைக்கால இதழ்களில் அணை உடையுமுன்பே, ரயில் தடம்புரளுமுன்பே, வசனக் குமிழுக்குப் பின்னால் பாதி மறைந்தபடி அது காத்திருந்தது. இத்தனை நாளும் குமிழை வாசித்துவிட்டு நகர்ந்திருக்கிறான். மறுமாதம் புதிய இதழ் வந்தது. இருவரும் சேர்ந்தே பிரித்தார்கள். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து மதியச் சோறு உண்டுகொண்டிருந்தனர். வசனமே இல்லை. சன்னலுக்கு வெளியே மரக்கிளைகளுக்கு இடையில் சிவப்பாகச் சிறிது துணி தெரிந்தது. “என்னண்ணே, பக்கத்தத் திருப்புங்க,” என்றாள் எஸ்தர். ஞானதுரை தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். “இரு. பிள்ளைங்க சாப்பிட்டு வெளிய போகட்டும்.”