கடைசிப் பெஞ்சு

சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்த ஜப்பான்காரன், லுக்குட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆண்களை லோரி லோரியாக அள்ளிக்கொண்டு போனான். பெண்கள் பயந்துபோய் லயத்து வீடுகளை விட்டு வெளியே வருவதில்லை. ஜெபக்கூடத்துக்கு ஞாயிறு தவறாமல் வருவது ஒரே ஆள்தான். அதுவும் கிறிஸ்தவரல்ல, நெற்றி நிறையத் திருநீறோடு கடைசிப் பெஞ்சில் உட்காரும் பால்வெட்டுக்காரர் சன்னாசி.

அன்றைக்குப் போதகர் ஞானாபரணம் வேதாகமத்தைத் திறக்கவேயில்லை.

"இன்னையோட கோயிலைப் பூட்டப்போறேன், சன்னாசி. நாப்பது பேருக்கு ஜெபம் பண்ணித்தான் லோரி ஏத்திவிட்டேன். ஒருத்தரும் திரும்பலை. என் பிரசங்கம் யாரையாவது காப்பாத்துச்சா?"

சன்னாசி பதறி எழுந்தார். "நிறுத்திடாதீங்க சாமி! உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

போதகருக்குக் கண் கலங்கியது. "உங்களுக்காவது இவ்வளவு விசுவாசமா?"

"அதெல்லாம் இல்லைங்க." சன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க ஜப்பான்காரனைப் பத்தி என்ன பேசுறீங்கன்னு வாராவாரம் கேட்டுவந்து சொல்லணும்னுதான் தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி என் பேரைச் சயாமுக்கு எழுதாம வச்சிருக்காரு. நீங்க பூட்டிட்டா அடுத்த லோரியில நான்தான். மூணு புள்ளைங்க சாமி."

ஞானாபரணம் வேதாகமத்தைத் திறந்தார்.

"உக்காருங்க. இன்னைக்குக் கொஞ்சம் நீளமாவே பேசுறேன்."