ஏழாம் பெட்டி

பாம்பு யோர்லெனியின் ஆள்காட்டி விரலைக் கவ்வியது கவ்வியதுதான், விடவே இல்லை.

வில்பெர்த் பாய்ந்து வந்து அதன் வாயைப் பிளந்து பிடுங்கி, ஏழாம் பெட்டிக்குள் வீசி மூடினான். தெர்சியோபெலோ என்ற கொடிய விஷப்பாம்பு. ஸ்பானிஷில் வெல்வெட் என்று அர்த்தம். அந்தப் பேரை வைத்தவன் நாசமாய்ப் போக!

விஷம் கறந்த பாம்பென்றால் பெட்டியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். ஒரு மாதத்துக்கு அதன் விஷப்பை காலி, யாரும் தொட மாட்டார்கள். ஏழாம் பெட்டியில் ரிப்பன் இல்லை. அதனால்தான் யோர்லெனி விஷம் கறக்க அதைத் திறந்தாள்.

வேறு யாரைக் கடித்திருந்தாலும் இவ்வளவு பயமில்லை. பக்கத்து அறைக் குளிர்பெட்டி நிறைய முறிமருந்து. லாயத்துக் குதிரைகளுக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அவற்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது. சுற்றுவட்டார வாழைத் தோட்டங்களுக்கெல்லாம் இந்தப் பாம்புப் பண்ணையிலிருந்துதான் போகிறது.

யோர்லெனிக்கு மட்டும் அது ஆகாது. நான்கு வருடத்துக்கு முன் முதல் கடிக்குப் போட்டபோது தொண்டை அடைத்து, இதயம் இரண்டு தடவை நின்றேவிட்டது. பாவி உடம்பு, விஷத்தை விட்டுவிட்டுக் குதிரை மருந்தோடு சண்டைக்குப் போயிற்று. இன்னொரு ஊசி போட்டால் அந்த ஊசியே கொன்றுவிடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

அதற்காகத்தான் சுவரில் வெட்டுக்கத்தி தொங்கியது. இருவரும் பேசி வைத்திருந்த ஏற்பாடு.

அவள் கையை மேசைமேல் விரித்தாள்.

"வெட்டுடா! என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்காத. மேல ஏறிடுச்சுன்னா என் பொண்ணுக்கு அம்மா இல்ல!"

முதல் வெட்டு எலும்பில் மாட்டிக்கொண்டது. அவள் போட்ட அலறலில் லாயத்துக் குதிரைகள் பலகையை உதைத்தன. கத்தியைப் பிடுங்கி, "மாதாவே" என்று கத்திக்கொண்டே மறுபடி ஓங்கிப் போட்டான். விரல் துள்ளித் தரையில் விழுந்தது. அவன் உதட்டில் தெறித்த ரத்தம் உப்புக் கரித்தது.

கட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே! கோட்டுப் பைக்குள் கையை விட்டு, அகப்பட்டதை எடுத்து, வெட்டிய விரலின் அடியில் பல்லால் இழுத்து இறுக்கினான்.

பிழைத்துவிட்டாள். வில்பெர்த்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாகப் போனில் சொன்னார்கள்.

யோர்லெனி சுவரில் சாய்ந்து, கையைத் தூக்கிப் பிடித்தபடி அவன் கட்டிய கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை ரத்தத்தில் அதன் நிறம் முதலில் தெரியவில்லை.

"இது எந்தப் பெட்டியில கட்ட வேண்டிய ரிப்பன்டா?"

காலையில் அவன் ஒரே ஒரு பாம்பைத்தான் கறந்திருந்தான், ஏழாம் பெட்டியில் இருந்ததை. கறந்த கையோடு, காபி ஆறிவிடும் என்று ஓடிவிட்டான்.