சீமைத் திரை

"இந்தத் திரையும் சீமைத் துணிதாங்க."

குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. தன் மனைவிதான் என்று மேடையில் நின்ற வக்கீலுக்கு உடனே தெரிந்துவிட்டது.

அந்நியத் துணி எரிக்கும் கூட்டம். பெண்களும் வரலாம் என்று துணிந்து அறிவித்தவரே அவர்தான். கூடத்தின் நடுவே திரை கட்டி, அந்தப் பக்கம் உட்கார வேண்டும், அவ்வளவுதான். திரை கட்டும் வேலையை மனைவியிடம் விட்டிருந்தார்.

இப்போதுதான் தன் கோட்டைக் கழற்றி நெருப்புக்குக் கொடுத்துவிட்டு, "சீமைத் துணி எங்கே இருந்தாலும் விடக் கூடாது" என்று முழங்கி முடித்திருந்தார்.

தையல்காரர் எழுந்துபோய்த் திரையை விரலால் நெருடிப் பார்த்தார்.

"அசல் சீமை. உங்க வீட்டுலேர்ந்து வந்ததுதானே?"

அவசரத்தில் கைக்குக் கிடைத்ததைக் கட்டித் தொலைத்திருக்கிறாள். வக்கீல் பல்லைக் கடித்தார்.

"கூட்டம் முடிஞ்சதும் எரிச்சுடலாம்."

"அப்ப உங்க கோட்டு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றது ஒரு குரல்.

திரையை எடுத்தால் பெண்கள் தெரிவார்கள். எடுக்காவிட்டால் கொள்கை போய்விடும். கடைசியில் வாத்தியார்தான் வழி சொன்னார்.

"நாம சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துட்டா?"

அப்படியே ஆயிற்று. ஆண்கள் அத்தனை பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். திரையைப் பெண்களே அவிழ்த்துக் கொண்டுபோய் நெருப்பில் போட்டார்கள். தலைவர் என்றாலும் வக்கீலுக்கும் சுவர்தான். கோட்டில்லாமல் ஒரு பல்லியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம் மேடையேறியது.

"வெள்ளைக்காரன்கிட்ட நீங்க கேக்கறதைத்தான் உங்ககிட்ட நாங்க கேக்கறோம்" என்று ஆரம்பித்தாள் மனைவி. "ஓட்டு எங்களுக்கும் வேணும்."

எழுந்து போகலாமென்றால் வாசல் பெண்கள் பக்கம் இருந்தது. ஆண்கள் முழுப் பேச்சையும் கேட்டார்கள். முடிந்ததும், வேறு வழி தெரியாமல், சுவரைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது வக்கீல் குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்.

"மானத்தை வாங்கிட்டே. வீட்டுல கெட்டியா கைத்தறித் துணி இருந்ததே, அதைக் கட்டியிருக்கக் கூடாதா?"

"கட்டியிருக்கலாம்" என்றாள் மனைவி. "அதை எரிக்கச் சொல்ல மாட்டீங்களே."